அந்த 40 பேர்ச் நிலத்த விக்காதீங்க அக்கா

போன சனிக்கிழமை மொரீஷியஸ்ல ரோஸ் ஹில்ல ஒரு குடும்பம் பொண்ணோட மேல்படிப்பு பத்திக் கேக்க என்னப் பாக்க வந்தாங்க. அம்மா, அப்பா, பொண்ணு, கூடவே தாய்மாமன். பொண்ணு எச்எஸ்சி கடைசி வருஷம், மேக்ஸ் ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி. ஒரு மணி நேரத்துல முக்கா மணி நேரம் மாமாதான் பேசினார். அவர் பையன் கிழக்கு ஐரோப்பாவுல மெடிசின் மூணாவது வருஷமாம், அதனால இவளும் ஒரு வருஷம் வீட்ல இருந்து பயாலஜிக்கு லெசோன், அதான் டியூஷன், போய் பரீட்சை எழுதிட்டு அங்கயே போயிடணுமாம், செலவுக்கு தாத்தா கரும்பு போட்ட 40 பேர்ச் நிலத்த மோர்செல்மான் போட்டு மனை மனையா விக்கிறவன்கிட்ட குடுத்துடலாமாம். எல்லாம் முடிவாகி, என் தலையாட்டல் ஒண்ணுதான் பாக்கிங்கிற மாதிரி உக்காந்திருந்தார்.

ராத்திரி அம்மாகிட்ட இருந்து வாட்ஸப். 'மாஸ்டர், நாங்க தப்பு பண்றோமா?'

ரெண்டு வரி ஆறுதலா டைப் பண்ணினேன், அழிச்சிட்டேன். ஆமாக்கா, தப்புதான் பண்றீங்க.

டாக்டர் படிப்ப நான் குறை சொல்ல வரல. ஆனா வெளிநாட்டுல ஆறு வருஷம் படிச்சிட்டு வந்து, இங்க ட்ரெய்னிங்குக்கு ஒரு தடவ, அப்புறம் போஸ்ட்டுக்கு ஒரு தடவன்னு காத்துக் கெடக்குற புள்ளைங்க கதைய கேக்கணும்னா கோயில்ல ஏழு கறி பந்தியில பத்து நிமிஷம் உக்காந்தா போதும், பக்கத்து இலைக்காரரே சொல்லுவார். அதுவும் உங்க பொண்ணுக்கு பிடிக்காத ஒரு பாடத்துக்காக ஒரு வருஷத்த வீணடிச்சு, திரும்ப வாங்க முடியாத நிலத்த வித்து. அவ அன்னிக்கு மொத்தமா பேசினது ஒரே வாக்கியம், அதுவும் க்ரியோல்ல, தரையப் பாத்துக்கிட்டு: 'மோ பா கொந்தான் பியோலொஸி', எனக்கு பயாலஜி பிடிக்கலன்னு. மாமா காதுல அது விழல. உங்க காதுல விழுந்துச்சு, நான் பாத்தேன்.

நீங்க காபி குடிக்கப் போனப்ப அவ லேப்டாப்ப தொறந்து எனக்கு ஒண்ணு காட்டினா. 2025 மார்ச் 28, பர்மாவுல சகாயிங் பக்கம் 7.7 அளவுல பூகம்பம் வந்துச்சே, நம்ம ஊர் நேரம் காலைல 10.20. அந்த அதிர்ச்சிய பக்கத்து ரெயூனியன் தீவுல இருக்கிற பூகம்ப ஸ்டேஷன் பதிவு பண்ணினத, ஒப்ஸ்பைன்னு ஒரு இலவச பைத்தான் புரோகிராம் வச்சு அவளே நெட்ல இருந்து இறக்கியிருக்கா. சுமார் பத்து நிமிஷம் கழிச்சு முதல் அலை, அதுக்கு எட்டு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது அலை, ரெண்டுக்கும் சிவப்பு கோடு போட்டு வச்சிருக்கா. 'இந்த எட்டு நிமிஷத்த வச்சே எவ்ளோ தூரம்னு சொல்லிடலாம் சார்'னு சொன்னப்ப அந்தப் புள்ள முகத்த நீங்க பாத்திருக்கணும். யாரும் சொல்லிக் குடுக்கல. லெசோனும் போகல.

இதுக்குப் பேரு ஜியோபிசிக்ஸ். ஐடி, அக்கவுண்ட்ஸ் பத்தியெல்லாம் சொல்ல ஊர்ல நூறு பேர் இருக்காங்க, அதனால நான் இந்த ஒண்ண மட்டும் விரிவா சொல்றேன். பூமிய தோண்டாம உள்ள என்ன இருக்குன்னு அலைய வச்சே படம் புடிக்கிறதுதான் சைஸ்மிக் இமேஜிங். பலாப்பழத்த தட்டி பழுத்துச்சான்னு பாக்கிறோமே, அதேதான், ஆனா தட்டின சத்தத்த ஆயிரக்கணக்கான கருவிங்க கேக்கும். கேட்டத படமா மாத்துறதுலதான் கணக்கு வருது. முதல்ல உள்ள இப்படி இருக்கும்னு ஒரு உத்தேசம் வச்சுக்கிட்டு, அதுல அலைய கம்ப்யூட்டர்ல ஓட்டி, நெசமா பதிவானதோட ஒப்பிட்டு, வித்தியாசம் குறையிற மாதிரி உத்தேசத்த திருத்தி, திரும்ப ஓட்டி, திரும்ப திருத்தி. இந்த திருத்துற வித்தைதான் ஆப்டிமைசேஷன். கோடிக்கணக்கான புள்ளி இருக்கும், ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா ஆயுசு பத்தாது. அதுக்கு ஒரு அழகான வழி இருக்கு, மிச்சமிருக்கிற வித்தியாசத்த எடுத்து கருவி இருந்த எடத்துல இருந்து காலத்துல பின்னோக்கி ஓட்டணும், அத முதல் ஓட்டத்தோட சேத்துப் பாத்தா எல்லாப் புள்ளியையும் எந்தப் பக்கம் திருத்தணும்னு மொத்தமா வந்துடும். இத 1984ல எழுதி வச்ச ஆல்பெர் தரந்தோலா வேலை பாத்தது பாரிஸ் பூமி இயற்பியல் நிறுவனத்துல. ரெயூனியன்ல பித்தோன் த லா ஃபுர்னேஸ் எரிமலைய 1979ல இருந்து கண்காணிக்கிறதும் அதே நிறுவனம்தான்.

ஆனா சுலபமா வேலை செய்யாது. முதல் உத்தேசம் அரை அலைக்கு மேல தப்பா இருந்தா கம்ப்யூட்டர் பக்கத்து அலையோட ஒட்டிக்கும். கோலத்துல ஒரு வரிசை புள்ளி தள்ளிப் போச்சுன்னா கோடெல்லாம் ஒழுங்கா சேரும், கோலம் மட்டும் வேற ஆயிடுமே, அந்த கதைதான். அதனால நீளமான அலைல ஆரம்பிச்சு மெதுவா நுணுக்கத்துக்கு போவாங்க. இன்னொரு வழியும் பாத்தாங்க, மண்ண ஒரு குவியல்ல இருந்து இன்னொரு எடத்துக்கு செலவு குறைவா எப்படி மாத்துறதுன்னு மோன்ஷ்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர் 1781ல போட்ட கணக்கு, அத வச்சு அலைங்களோட வித்தியாசத்த அளக்க 2016ல ஃப்ரான்ஸ்ல கிரெனோபிள் ஆளுங்களும் இந்த சிக்கலுக்கு பயன்படுத்தினாங்க. இருநூத்து சொச்சம் வருஷம் பழைய கணக்கு! எனக்கு இந்த மாதிரி விஷயம்னா ஒரு பைத்தியம், மன்னிச்சுக்கோங்க.

'நம்ம தீவுக்கும் இதுக்கும் என்ன?'ன்னு அப்பா கேட்டார். 2012ல மரியோன் துஃப்ரேன் கப்பல்ல இருந்து ரெயூனியன சுத்தி கடலடியில 57 பூகம்பமானிய போட்டு ஒரு வருஷம் விட்டு எடுத்தாங்க. ரெயூனியனுக்கு அடியில ஆழத்துல இருந்து எழும்புற சூடான பாறை ஒத்தத் தூணா இல்லாம மரம் மாதிரி கிளை விட்டு நிக்குதுன்னு 2021ல படம் வந்துச்சு. மொரீஷியஸ் மண்ணும் அந்த சூட்டுல பொறந்ததுதான். அப்புறம் மஸ்கரேன் பீடபூமியில 3,96,000 சதுர கிலோமீட்டர் கடலடி மொரீஷியஸுக்கும் செஷெல்ஸுக்கும் கூட்டா இருக்கு, 2012ல ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கடியில என்ன இருக்குன்னு படிக்கத் தெரிஞ்ச நம்ம ஊர் ஆளு எத்தன பேர்?

மாமாவுக்கு டாக்டர் வாசனை வேணும்னா அதுவும் இருக்கு, இதே கணக்க வச்சு மண்டையோட்டுக்குள்ள மூளைய அல்ட்ராசவுண்ட்ல படம் புடிக்க முடியும்னு 2020ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆளுங்க கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டினாங்க.

இப்போ காசு. இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். முதல் டிகிரிக்கு வெளிநாடு வேண்டாம். 2019ல இருந்து அரசு பல்கலைக்கழகத்துல முதல் டிகிரிக்கு ஃபீஸ் இல்ல, ரெதுவில இருக்கிற மொரீஷியஸ் பல்கலைக்கழகத்துல மேக்ஸோ ஃபிசிக்ஸோ மூணு வருஷம் படிக்கட்டும், வீட்டுச் சோறு சாப்பிடட்டும். நல்ல மார்க் இருந்தா மாஸ்டர்ஸுக்கு ஃப்ரான்ஸ், கிரெனோபிளோ ஸ்ட்ராஸ்பூரோ பாரிஸோ. ஃப்ரெஞ்ச் நம்ம புள்ளைங்களுக்கு தண்ணி பட்ட பாடு, இந்த ஒரு சொத்த நாம கணக்குலயே சேக்கிறது இல்ல. வெளிநாட்டு மாணவருக்கு வருஷத்துக்கு சுமார் 4,000 யூரோ ஃபீஸ், சில பல்கலைக்கழகங்க அதையும் குறைக்கும், கேட்டுப் பாக்கணும். விசாவுக்கு மாசம் 615 யூரோ கையில இருக்குன்னு காட்டணும், ஆனா அதுல குடும்பம் நடத்த முடியாது, 850 வச்சுக்கோங்க. ரெண்டு வருஷத்துக்கு எல்லாம் சேத்து சுமார் 28,000 யூரோ ஆகும். சின்னத் தொகை இல்லதான், ஆனா அது வர்றதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, மாசாமாசம் எடுத்து வைக்கலாம், அவளும் அங்க வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை பாக்க சட்டம் விடுது. பிஎச்டி மூணு வருஷமும் வேலை கான்ட்ராக்ட், பிடித்தத்துக்கு முன்னாடி மாசம் 2,300 யூரோவுக்கு குறையாது, இது 2026 கணக்கு. சம்பளம் இல்லாத பிஎச்டின்னு யாராவது கூப்பிட்டா போகவே கூடாது, எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் சரி.

கஷ்டத்தையும் கேட்டுக்கோங்க. மொத்தம் எட்டு வருஷம். பிஎச்டி முடிச்சிட்டு ரோஸ் ஹில்ல வேலை கிடைக்காது, பொண்ணு வெளியூர்லதான் இருப்பா, தைப்பூசத்துக்கு லீவு போட்டு வந்தா உண்டு. பெரிய சம்பளம் குடுக்கிறது எண்ணெய் கம்பெனிங்க, 2014க்கு அப்புறம் எண்ணெய் விலை விழுந்தப்ப இந்தத் துறையில நெறைய பேருக்கு வேலை போச்சு. இப்போ பூமி வெப்பத்துல கரண்டு எடுக்கிறது, கரியமில வாயுவ கடலடியில அடைக்கிறதுன்னு வேற வாசலும் தொறந்திருக்கு, நார்வேல ஸ்லெய்ப்னர்ல 1996ல இருந்து அடைச்சிட்டு வர்றாங்க, அந்த வாயு எங்க பரவுதுன்னு பாக்கிறதும் இதே இமேஜிங்லதான். அப்படியும் இந்தப் பக்கம் ஒத்து வரலைன்னா பெரிய கணக்க கம்ப்யூட்டர்ல போடத் தெரிஞ்சவளுக்கு வேற எடத்துல வேலை கிடைக்கும்.

அவளுக்கு நான் ஒரு வேலை குடுத்திருக்கேன். மார்முசின்னு ஒரு மாதிரி பூமி இருக்கு, அங்கோலாவுல குவான்சா படுகைய வச்சு 1988ல ஃப்ரெஞ்சுக்காரங்க உண்டாக்கினது, உலகம் முழுக்க புது முறைய அதுலதான் சோதிப்பாங்க. டெவிட்டோன்னு இலவச புரோகிராம இறக்கி, அதுல அந்த மார்முசிக்குள்ள ஒரு அலைய ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கேன். எச்எஸ்சி முடிஞ்சப்புறம், ஒரு மாசம். நாலு நாள் எர்ரர் வந்தும் லேப்டாப்ப மூடாம உக்காந்திருந்தான்னா இது அவளுக்கான வேலை, சலிச்சு எந்திரிச்சுட்டான்னா என்கிட்ட வாங்க, வேற பாப்போம். அப்பவும் மெடிசின் இல்ல.

நிலப் பத்திரத்துல மட்டும் இப்போ யாரும் கையெழுத்து போட வேண்டாம். மாமாவ அடுத்த ஞாயித்துக்கிழமை தனியா அனுப்புங்க, டீ நான் போடுறேன்.