ஹெடர் கோப்புகளுக்கு எல்லை வகுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் சி பிளஸ் பிளஸ் லைப்ரரியைப் பல குழுக்கள் பயன்படுத்துகின்றன. ஹெடர் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன உள்ளன என்று பிற நிரல்களுக்கு அறிவிக்கும் கோப்புகள்) அனைத்தும் மூலநிரலோடு ஒரே இடத்தில் கலந்து கிடப்பதால், எங்கள் உள்வேலைக்கான ஹெடர்களையும் மற்றவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். எதை மாற்றினாலும் யாருக்கோ பில்ட் (மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் வேலை) உடைகிறது. 'உள்பயன்பாட்டுக்கு மட்டும்' என்று குறிப்பு எழுதியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கம்பைலர் ஏற்றுக்கொள்வதை, வேலை நெருக்கடியில் இருக்கும் நிரலாளர் பயன்படுத்தவே செய்வார், குறிப்புரை அவரைத் தடுக்காது. எனவே எல்லை என்பது கோப்புகள் இருக்கும் இடத்திலும் பில்ட் விதிகளிலும் அமைய வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலும் இதே சிக்கல் நெடுநாள் இருந்தது. கெர்னலுக்கு மட்டும் உரிய பகுதிகளும் பயனர் நிரல்களுக்கு வழங்கப்படும் பகுதிகளும் ஒரே ஹெடருக்குள், மேக்ரோ நிபந்தனைகளால் மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தன. கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் செய்த பிரிப்பு, 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் இடம்பெற்றது. வெளியே வழங்கப்படுபவை 'யுஏபிஐ' (பயனர் நிரல்களுக்கான இடைமுகம்) என்ற தனிக் கோப்புறைக்குச் சென்றன. கெர்னலின் உள் ஹெடர், அதே பெயருடைய யுஏபிஐ ஹெடரைத் தானே சேர்த்துக்கொள்ளும்படி அமைத்ததால், கெர்னலுக்குள் அதைப் பயன்படுத்தும் கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோப்புறையைத் தொடும் எந்த மாற்றமும் பயனர் நிரல்களைப் பாதிக்கக்கூடியது என்பதும் பரிசீலிப்பவருக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. என் கணிப்பில் பிரிப்பின் பெரிய லாபம் இதுதான்.

கோப்புகளை நகர்த்தும் முன், பிற குழுக்கள் உண்மையில் எந்த ஹெடர்களைச் சேர்க்கின்றன என்று அவர்களுடைய மூலநிரலில் தேடிப் பட்டியலிடுங்கள். ஒரு உள் ஹெடரைப் பெரும்பாலான குழுக்கள் நாடினால், அதை அத்துமீறல் என்று தள்ளிவிட வேண்டாம். நீங்கள் தந்திருக்க வேண்டிய ஒரு வசதி பொது இடைமுகத்தில் விடுபட்டிருக்கிறது என்றே கொள்ளுங்கள். அதற்குச் சிறிய, சீரான பொது ஹெடர் ஒன்றை எழுதிய பிறகே பழையதை மூடலாம்.

பின்னர் 'இன்க்ளூட்' கோப்புறைக்குள் லைப்ரரியின் பெயரில் ஓர் உட்கோப்புறை அமைத்துப் பொது ஹெடர்களை அங்கே வையுங்கள். மற்றவை மூலநிரலுடனேயே இருக்கட்டும். சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் முதலாவதை 'பப்ளிக்' என்றும் மற்றதை 'பிரைவேட்' என்றும் அறிவித்தால், உள் ஹெடர்கள் இருக்கும் பாதை பிற குழுக்களின் பில்டுக்குச் செல்லாது. கோ மொழியில் 'இன்டர்னல்' என்ற கோப்புறையிலுள்ள பேக்கேஜை அதன் தாய்க் கோப்புறைக்கு வெளியிலிருந்து இறக்குமதி செய்யக் கருவியே மறுத்துவிடும். சி பிளஸ் பிளஸில் அந்தக் காவலை நாம்தான் பில்ட் விதிகளில் எழுத வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை மிஞ்சும்: பொது ஹெடரே உள் ஹெடரைச் சேர்த்தால் பிரித்த பயன் போய்விடும். முன் அறிவிப்பு (பெயரை மட்டும் சொல்லும் அறிவிப்பு) போதுமான இடத்தில் முழு வரையறையைத் தவிர்ப்பதும், கிளாஸின் உள் உறுப்புகளை ஒரு பாயின்டருக்குப் பின்னால் வைப்பதும் இதற்கான வழக்கமான வழிகள். பிந்தையதற்குக் கூடுதல் நினைவக ஒதுக்கீடு என்ற விலை உண்டு. ஆகவே எல்லாக் கிளாஸுக்கும் அதைச் செய்யாதீர்கள். பொது ஹெடர் ஒவ்வொன்றையும், பொதுக் கோப்புறையின் பாதையை மட்டும் கொடுத்துத் தனித்தனியே கம்பைல் செய்யும் சோதனையைத் தினசரி பில்டில் சேர்த்தால், கசிவு அன்றன்றே பிடிபடும்.

பகிரப்படும் லைப்ரரி என்றால் ஹெடரை மறைத்தால் மட்டும் போதாது. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் எல்லாச் சிம்பல்களையும் (செயற்கூறு, மாறி முதலியவற்றின் பெயர்கள்) இயல்பாகவே வெளியே காட்டும். அவற்றை மறைக்கும் விருப்பத்தை இயக்கிவிட்டு, பொதுவானவற்றை மட்டும் வெளிப்படையாகக் குறியுங்கள்.

பழைய இடங்களில், புதிய ஹெடரைச் சேர்த்துக்கொண்டு கம்பைலர் எச்சரிக்கையும் தரும் சிறு கோப்புகளை விட்டுவையுங்கள். அவற்றை நீக்கப்போகும் பதிப்பின் எண்ணை அந்த எச்சரிக்கையிலேயே எழுதிவிட்டு, அந்தப் பதிப்பில் தவறாமல் நீக்கிவிடுங்கள். ஒருமுறை தவணை கொடுத்தால் அடுத்த எச்சரிக்கையை எவரும் படிக்கமாட்டார்கள்.