டெலீட் போட்டும் மெமரி குறையவில்லையே, ஏன்?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி விலையைத் திரையில் காட்டும் உங்கள் பக்கம் காலையில் திறந்தால் சாயங்காலத்துக்குள் திணறுகிறது, டெலீட் போட்டும் பலனில்லை என்கிறீர்கள். இருக்காதுதான். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டில் டெலீட் ஒரு ஆப்ஜெக்டிலிருந்து (தகவல்களின் தொகுப்பு) ஒரு பிராப்பர்ட்டியை (அதிலுள்ள ஒரு தகவலை) நீக்கும், அவ்வளவுதான். மெமரியை விடுவிப்பது கார்பேஜ் கலெக்டரின் வேலை. குளோபல் மாறிகள், ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, எட்ட முடிகிற எல்லாவற்றையும் அது விட்டுவைக்கும்; எட்டாததைத்தான் கூட்டித் தள்ளும். ஆகவே இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று சுட்டினாலும் பரவாயில்லை; வெளியிலிருந்து எட்டாவிட்டால் இரண்டுமே போய்விடும். (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில் பக்கத்தின் உறுப்பும் ஆப்ஜெக்டும் அப்படிச் சுட்டிக்கொண்டால் பெரிய தலைவலி.)

என் சந்தேகமெல்லாம் உங்கள் செட்இன்டர்வல் மேல்தான், அதாவது ஒரு ஃபங்ஷனைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட்டும் டைமர் மேல். விலை மாறும்போதெல்லாம் பெங்களூரா, மல்கோவா, செந்தூரா வரிசைகளைப் புதிதாக வரைகிறீர்கள். வரிசைக்கு ஒரு டைமர் வேறு. பழைய வரிசை திரையை விட்டுப் போனாலும் அதன் டைமருக்குள் இருக்கும் ஃபங்ஷன் அதை விடாது. வரிசையை நீக்கும் முன், அதன் டைமரை நிறுத்த கிளியர்இன்டர்வல் அழையுங்கள். வரிசையையே கீயாக வைத்து மேப்பில் (கீ கொடுத்தால் மதிப்பைத் தரும் பட்டியல்) ஏதாவது சேமித்தால், 2015-இல் வந்த வீக்மேப்புக்கு மாறிவிடுங்கள்; அது கீயைப் பிடித்து வைக்காது.

பிரச்சினை தீர்ந்ததா என்று பார்க்க, குரோம் டெவ்டூல்ஸின் மெமரி பகுதியில் ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் மெமரியில் இருப்பவற்றின் பதிவு) எடுத்து, பக்கத்திலிருந்து நீங்கியும் மெமரியில் தங்கியவற்றைக் காண 'டிடாச்டு' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அவற்றை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதைக் கீழே ரீடெய்னர்ஸ் பட்டியலே காட்டிக்கொடுக்கும்.