குளவி வேஷம் போடும் ஈக்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கோடை முடியும் சமயம் கோல்டன்ராட், ஆஸ்டர் பூக்களில் வந்து உட்காரும் ஸ்பைலோமையா லாங்கிகார்னிஸ் என்ற ஈயின் படத்தைப் போட்டு, அதைப் பற்றியும் அதன் சொந்தபந்தங்களைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, அந்தப் படத்தில் இருப்பது சத்தியமாகக் குளவிதான். எப்படி ஈ என்கிறீர்கள்?

முதலில் மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்ப்பதை நிறுத்துங்கள், ஏமாற்றுவதே அதுதான். தலையைப் பாருங்கள். குளவியின் கண் சிறுநீரக வடிவில் பக்கவாட்டில் இருக்கும். இதற்குத் தலையே கண்தான், அதிலும் இந்த ஸ்பைலோமையா வகைகளுக்குக் கண்மேல் கிறுக்கினாற்போல் கறுப்புக் கோடுகள் வேறு. அப்புறம் உணர்கொம்பு: குளவிக்கு நீளமாக, பல கணுக்களோடு இருக்கும், ஈக்குக் குட்டையாக மூக்குக்கு மேலே ஒட்டினமாதிரி. இறக்கையும் ஈக்கு ஒரு ஜோடிதான், பின் ஜோடி சுருங்கி, பறக்கும்போது சமநிலை பார்க்கும் சின்னக் குமிழ்களாக மாறிவிட்டது. ஆனால் உட்கார்ந்திருக்கும் குளவியின் நான்கு இறக்கையை எண்ணுவது சுலபமில்லை, முன்னதும் பின்னதும் கொக்கியால் கோத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். அதனால் கண்ணும் கொம்பும் போதும்.

படத்தில் நீளமாக இரண்டு கொம்பு தெரிகிறதே?

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன். அது கொம்பு இல்லை, முன்னங்கால்கள்! மற்றக் கால்கள் மஞ்சளாக இருக்க, முன்னங்காலின் நுனிப்பகுதி மட்டும் கறுப்பு. அதைத் தலைக்கு முன்னால் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும், பார்க்கிறவருக்குக் குளவி கொம்பைத் துழாவுவதாகத் தோன்றும். இதோடு முடியவில்லை. எல்லோஜாக்கெட் போன்ற குளவிகள் உட்காரும்போது இறக்கையை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும், அதனால் இறக்கை ஒடுங்கிய பழுப்புப் பட்டையாகத் தெரியும். ஈயால் அப்படி மடிக்க முடியாது. அதற்குப் பதில் இறக்கையின் முன்விளிம்பு மட்டும் பழுப்பாகவும் மீதி கண்ணாடியாகவும் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் மடித்தது போலவே இருக்கும். உட்கார்ந்தபடி இறக்கையை உதறும். பிடித்தால் குளவிபோல இரைச்சல் போடும், வயிற்று நுனியை வளைத்துக் கொட்டுவதுபோல் குத்தும்.

அப்போ கொட்டாதா? குத்தும் என்கிறீர்களே!

கொட்டாது. கொடுக்கு என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் மிரட்டல். குளவிக்கும் தேனீக்கும் முட்டையிடும் குழல்தான் கொடுக்காக மாறியது, ஈக்களுக்கு அந்தக் கதையே கிடையாது. ஆனாலும் சந்தேகமிருந்தால் தொடாதீர்கள், நீங்கள் ஈ என்று நினைத்தது குளவியாகவும் இருக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் எல்லாமே குளவிமாதிரிதானா?

இல்லை. சிர்பிட் ஈக்கள் அல்லது ஹோவர்ஃபிளை என்கிற இந்தக் குடும்பத்தில் சுமார் 6,000 இனங்கள். எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் தேனீமாதிரி, வொலுசெல்லா பாம்பிலான்ஸ் ரோமம் அடர்ந்த பம்பிள்பீமாதிரி. ஸ்பைலோமையாவிலேயே ஃபுஸ்கா என்ற இனம் மஞ்சளைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளையில் இருக்கும், அது காப்பியடிப்பது வட அமெரிக்காவின் வெள்ளைமுகக் குளவியை. செரியானா என்ற பேரினம் இடுப்பைக்கூட ஒடுக்கி, உண்மையிலேயே நீளமான கொம்பும் வைத்துக்கொண்டு வரும், கால் ஆட்டும் வேலையெல்லாம் அதற்குத் தேவையில்லை.

ஆனால் தோட்டத்தில் பார்க்கும் சின்ன மஞ்சள் ஈ யாரையும் ஏமாற்றாது போலிருக்கிறதே. அரைகுறை வேஷம் எப்படிப் பிழைக்கிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. பேட்ஸ் என்ற இயற்கையியலாளர் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து 1862இல் சொன்ன விளக்கம்: ருசியான பூச்சி, ஆபத்தான பூச்சியின் தோற்றத்தைக் காட்டித் தப்பிக்கிறது. அப்படியானால் வேஷம் நாளுக்கு நாள் கச்சிதமாகிக்கொண்டே போக வேண்டும், இல்லையா? 2012இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று பல சிர்பிட் இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிய ஈக்களின் வேஷம் நன்றாக இருந்தது, சின்னவை சுமார். காரணமாகச் சொல்வது: சின்ன ஈயால் பறவைக்குக் கிடைப்பது அரை வாய், அதற்காகக் கொட்டு வாங்கும் ஆபத்தை எதற்கு எடுக்க வேண்டும்? லேசான சந்தேகமே போதும், விட்டுவிடும். கொழுத்த ஈ என்றால் பறவை உற்றுப் பார்க்கும், அங்கேதான் கால் ஆட்டுவது, இறக்கை உதறுவது எல்லாம் வேண்டியிருக்கிறது. எனக்கு இது நியாயமாகப்படுகிறது, ஆனால் எல்லா இனங்களுக்கும் இதுவே விடை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குளவிக் கூட்டுக்குள் நுழையத்தான் இந்த வேஷம் என்று படித்தேன், சரியா?

நுழைகிறவை உண்டு. ஐரோப்பாவின் வொலுசெல்லா இனங்கள் சில குளவிக் கூட்டிலேயே முட்டையிடும், புழுக்கள் அங்குள்ள கழிவையும் செத்த புழுக்களையும் தின்னும். ஆனால் அதே கூட்டுக்குள் போகும் வொலுசெல்லா பெலூசென்ஸைப் பாருங்கள், கறுப்பு உடம்பில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, குளவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேஷம்தான் நுழைவுச்சீட்டு என்றால் அதை எப்படி விட்டுவைத்தார்கள்? வேஷம் முக்கியமாகப் பறவைகளுக்கு.

புழு பயிரைக் கெடுக்குமா?

பெரும்பாலும் இல்லை, நிறைய இனங்களின் புழு அசுவினியைத் தின்னும். ஸ்பைலோமையாவின் புழுவோ மரப்பொந்தின் ஈரமான மக்கலில் வளரும், அதனால் பொந்துள்ள கிழ மரங்களை வெட்டினால் இதுவும் போய்விடும்.

ஆணா பெண்ணா?

பெரும்பாலான சிர்பிட் ஈக்களில் உச்சந்தலையில் கண்கள் ஒட்டினால் ஆண், இடைவெளி இருந்தால் பெண். அடுத்த தடவை படம் அனுப்பும்போது மேலிருந்து ஒன்று, முகத்தை நேராக ஒன்று எடுத்துப் போடுங்கள், பக்கவாட்டுப் படத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது.