அலைடு பேப்பருக்கு ஆயுளைக் கொடுத்தவர்

கேள்வி: ஆராய்ச்சி, பதவி என்று போகாமல் பாடம் நடத்துவதையே வாழ்க்கையாகக் கொண்ட பேராசிரியர்கள் உண்டா? அரசியல் அறிவியல் படித்துவிட்டு அப்படி இருக்க முடியுமா?

உண்டு. பாளையங்கோட்டையில் எனக்குப் பாடம் எடுத்தவர் அப்படித்தான் இருந்து ஓய்வு பெற்றார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் படித்தது வரலாறு. எங்கள் பக்கம் பல கல்லூரிகளில் அரசியல் அறிவியலுக்குத் தனித் துறை கிடையாது; வரலாற்று மாணவர்களுக்கு அலைடு பேப்பராக, அதாவது துணைப் பாடமாக வரும். அலைடு என்றால் பையன்கள் எவ்வளவு மதிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாருடைய வகுப்புக்கு மட்டும் கணக்குத் துறைப் பையன்கள்கூடப் பின்பெஞ்சில் வந்து உட்காருவார்கள்.

அரசமைப்புச் சட்டத்தை அவர் பிரிவு எண்ணிலிருந்து தொடங்க மாட்டார். "சேரன்மகாதேவி பஸ்ல வாரவன் யாருடே?" என்று கேட்பார். எழுந்தவனிடம் அவன் ஊர்க் கதையையே சொல்வார். வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்திருந்தது. பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் 1924-25இல் பெரிய சண்டை. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பொதுப் பணம் வாங்கினவன் தனிப் பந்தி போடலாமா? சொந்தக் காசுன்னா போடலாமா?" என்பார். அந்த மணி முழுக்கச் சண்டைதான், அவர் வாயே திறக்க மாட்டார். மறுநாள்தான் பிரிவு 29(2) பலகைக்கு வரும்: அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழியை மட்டும் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது. "இது அட்மிஷனைத்தானே சார் சொல்லுது, சாப்பாட்டைச் சொல்லலையே" என்று எவனாவது கேட்க வேண்டும், அதற்காகவே காத்திருப்பார். அப்புறம் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 15, தீண்டாமையை ஒழித்த பிரிவு 17 என்று வண்டி கிளம்பும்.

அக்டோபர் 2 லீவு என்று நாங்கள் நினைத்தால், அவரவர் ஊர்க் கிராம சபைக்குப் போய்த் தலையை எண்ணி வரச் சொல்வார். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நாங்கள் எண்ணியதும் பதிவேட்டுக் கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்பதுதான் அசைன்மெண்ட்.

பாடம் மட்டும் நடத்துகிறவரைச் சோம்பேறி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்சித் தாவல் தடைச் சட்டத்தையே பாருங்கள். 1985இல் வந்தபோது, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி தப்பும். 2003இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பழைய நோட்ஸையே வாசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சார் ஒவ்வொரு ஜூனிலும் நோட்ஸைப் புதிதாக எழுதுவார். 2017இல் நம் சட்டமன்றத்தில் 18 பேர் பதவி இழந்தபோது, படிப்பை முடித்துப் போன நாங்கள் அவருக்குத்தான் போன் போட்டோம்.

இதற்கெல்லாம் பதவி உயர்வில் என்ன மதிப்பு? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரை என்று கேட்பார்கள். அவரிடம் எம்ஃபில் மட்டும்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி வகுப்பு, மேலே போனால் 14. நன்றாக நடத்துகிறவருக்குப் பரிசு, குறைவாக நடத்துவது! ஜூனியர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். வருத்தமே இல்லை என்று அவர் சொன்னதில்லை. வகுப்பில் அதைக் காட்டியதும் இல்லை.

சரி, நீங்கள் போகலாமா? அவருக்கு நிதியுதவி பெறும் கல்லூரியில் நிரந்தர வேலை, மாதம் பிறந்தால் அரசுச் சம்பளம். அந்தத் தரை இருந்ததால்தான் பதவியைப் பொருட்படுத்தாமல் இருக்க முடிந்தது. இன்று உள்ளே வருகிறவர்கள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர் அல்லது சுயநிதிப் பிரிவு. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019இல் சொன்னது. அதில் பாதி கையில் வந்தாலே பெரிது. முதலில் நெட் அல்லது செட் தகுதித் தேர்வை முடியுங்கள். முனைவர் பட்டத்தையும் தள்ளிப் போடாதீர்கள். சார் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதைத்தான்.