இரண்டு வாரக் குதிரையேற்றம்

கேள்வி: வரலாற்றுப் படமொன்றில் தளபதியாக நடித்த நாயகர், இரண்டே வாரத்தில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டதாகப் பேட்டியளித்தார். பிறகு வெளியான படப்பிடிப்புக் காணொளியிலோ, வண்டிமேல் பொருத்திய இயந்திரக் குதிரையில் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். இது ரசிகர்களை ஏமாற்றுவது ஆகாதா? அது கிடக்கட்டும். ஓடுவது குதிரை, மேலே உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வதில் மாதக்கணக்காகக் கற்க என்னதான் இருக்கிறது?

பதில்: உங்கள் கோபம் தவறான இடத்தில் பாய்ந்திருக்கிறது. இயந்திரக் குதிரையில் அவர் அமர்ந்ததில் எந்த ஏமாற்றும் இல்லை. இரண்டே வாரத்தில் கற்றுவிட்டேன் என்று சொன்னாரே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல். அதைக் கேட்டு நாம் கைதட்டுகிறோமே, அதில் இன்னும் அதிகம்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஓடுவது குதிரைதான். ஆனால் 450, 500 கிலோ எடையுள்ள அந்த உயிர், தன் முதுகில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் தனக்கிட்ட கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. காலால் விலாவை அழுத்தினால் ‘போ’ என்று பொருள். நிமிர்ந்து இடுப்பை ஆழ ஊன்றி உட்கார்ந்தால் ‘மெதுவாக’ என்று பொருள். புதிதாக ஏறுகிறவர், குதிரை சற்று வேகமெடுத்ததுமே பயத்தில் இரு கால்களாலும் அதன் விலாவை இறுக்கிக்கொள்வார். அது அந்தக் குதிரைக்கு இன்னும் விரைந்து போகச் சொல்லும் கட்டளை. அது விரைய, இவர் மேலும் இறுக்க, கூடவே நிலைதடுமாறி முன்னால் குனிந்து கடிவாள வாரைப் பற்றித் தொங்குவார். கால் ‘போ’ என்கிறது, கை ‘நில்’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட குதிரை தலையை உதறும், பக்கவாட்டில் விலகும், சில சமயம் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பும். பார்ப்பவர்கள் குதிரை முரண்டு பிடிக்கிறது என்பார்கள். அது பாவம், சொன்னதையெல்லாம் செய்யத்தான் முயன்றுகொண்டிருக்கும்.

படத்துக்காகக் கற்க வந்திருந்த இளம் நடிகர் ஒருவரின் மூன்றாம் நாள் பாடத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் திடலின் நடுவில் நின்று, நீண்ட கயிற்றின் ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் இருந்த குதிரையைத் தம்மைச் சுற்றி வட்டமாக ஓடவிட்டார். பாதத்தை நுழைத்து ஊன்றும் வளையங்களான அங்கவடிகள் இரண்டையும் தூக்கிச் சேணத்தின் குறுக்கே போட்டிருந்தார். கடிவாள வாரை முடிச்சிட்டுக் குதிரையின் கழுத்திலேயே விட்டிருந்தார். நடிகரோ இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி உட்கார்ந்திருந்தார். காலை ஊன்ற இடமில்லை, கையால் பற்ற ஒன்றுமில்லை. “மூச்சை விடுங்க சார், மூச்சை விடுங்க” என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மூச்சை அடக்கியபோதெல்லாம் முதுகு விறைத்தது. விறைத்தபோதெல்லாம் சேணத்திலிருந்து எகிறி மறுபடி அதன்மேலேயே விழுந்தார். அரைமணி நேரத்துக்கு மேல் நடந்த அந்தப் பாடத்தில் ஒருமுறைகூட அவர் கையில் கடிவாளம் தரப்படவில்லை. இறங்கியவர் உள்தொடையைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி அகட்டி நடந்து போனார். அந்தப் பயிற்சியாளர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று. தன் உடலைத் தானே தாங்கத் தெரியாதவரிடம் கடிவாளத்தைக் கொடுத்தால், விழாமலிருக்க அதையே கைப்பிடியாக்கிக்கொள்வார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கடிவாளத்தைக் கைப்பிடியாக்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல் முளைக்காத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான், நாக்கின் மேலும் ஈறின் மேலுமாகக் கிடக்கிறது. அந்த ஈறு மிக மெல்லியது. அதன் அடியில் உடனே எலும்பு. தேர்ந்த ஓட்டி, விரல்களைச் சற்று மூடித் திறந்தே குதிரையோடு பேசிவிடுவார். தேராதவர் தடுமாறும் ஒவ்வொரு முறையும் தம் உடல் எடையின் ஒரு பங்கை அந்த ஈறின்மேல் இறக்குகிறார். திரையில் நாயகன் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்து நிறுத்த, குதிரை வாயைப் பிளந்து தலையைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் திரையரங்கில் விசில் பறக்கும். அப்படி வாய் பிளப்பது பெரும்பாலும் வலியால்தான். கற்றுக்கொள்ளாத நடிகரின் பிழைக்கு முதல் விலையைக் கொடுப்பது குதிரையின் வாய் என்பதை நான் ஒருபோதும் சிறிய செய்தியாகக் கருதமாட்டேன்.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி, உட்காரவும் கையை அடக்கவும் பழகுவதிலேயே போகிறது. காதும் தோளும் இடுப்பும் குதிகாலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். குதிரை நடக்கும்போது நான்கு குளம்புகளும் தனித்தனியே விழுகின்றன. அதில் உட்காருவது எளிது. ‘டிராட்’ எனப்படும் ஓட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழுவதால், முதுகு ஒவ்வொரு தட்டுக்கும் மேலிருப்பவரைத் தூக்கிப் போடுகிறது. ஒரு தட்டுக்கு எழுந்து மறுதட்டுக்கு அமரும் தாளம் உடம்பில் ஏறும் வரை, கற்பவரின் இடுப்பும் முழங்காலும் படும் பாடு சொல்லி முடியாது. அதைவிட வேகமான ஓட்டமான ‘கேன்டர்’ மூன்று தட்டு. அது ஊஞ்சல்போல் இருக்கும், பலருக்கும் பிடித்துவிடும். மணிக்கு 40 கிலோமீட்டரையும் தாண்டும் முழுப் பாய்ச்சல் கடைசியாக வருவது. ரசிகர்கள் பாய்ச்சலைப் பார்த்து வியக்கிறார்கள். கற்பவரைப் பிழிந்தெடுப்பது டிராட்.

இத்தனையும் எந்த ஓட்டியும் கற்க வேண்டியவை. நடிகருக்கோ இதன்மேல் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. குதிரையை ஓட்டிவந்து, கேமராவுக்கு முன் தரையில் குறித்த இடத்தில், முகம் விளக்கைப் பார்க்குமாறு நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் கண்ணைக் கீழே இறக்காமல் வசனம் பேச வேண்டும். தலைக்கு மேல் மைக் தொங்கும், பக்கத்தில் ரிஃப்ளெக்டர் பளபளக்கும், புகை போட்டிருப்பார்கள். குதிரை காலை மாற்றி மாற்றி வைக்கும். உடம்பால் அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே முகத்தால் நடிக்க வேண்டும். ‘ஆக்‌ஷன்’ என்ற குரலோடு ஓடிப் பழகிய குதிரைகள், அடுத்த டேக்கில் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே கிளம்பிவிடும் என்பதால், பல இடங்களில் சொல்லுக்குப் பதிலாகச் சைகையே காட்டுகிறார்கள்.

வாள் வீசும் பாத்திரம் என்றால் வேலை இரட்டிப்பு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். காதோரம் மின்னிச் செல்லும் வாள் அதற்கு ஒரு திடீர் அச்சுறுத்தல். அதனால் முதலில் தரையில் நின்றும், பிறகு நிற்கும் குதிரைமேல் மரவாளோடும், அதன் பின்னரே நடக்கும் குதிரைமேலும் பழக்குவார்கள். குதிரையையும் கூடவே பழக்குவார்கள். வில்லென்றால் இரு கைகளும் கடிவாளத்தை விட்டுவிடுகின்றன. அப்போது தொடையும் எடையும் மட்டுமே திசைகாட்ட வேண்டும். இதையெல்லாம் இரண்டு வாரத்தில் முடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் முடித்தது எது என்று பேட்டி எடுத்தவர் கேட்டிருக்க வேண்டும்.

இனி இயந்திரக் குதிரைக்கு வருகிறேன். பாய்ந்தோடும் குதிரைமேல் இருப்பவரின் கண்ணிமை தெரியும் அளவுக்குக் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோவது ஆபத்து. நீண்ட வசனத்தைப் பத்து முறை திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். பத்து முறையும் ஓடினால் எந்தக் குதிரையும் களைத்துவிடும். இழுத்துச் செல்லும் வண்டியின்மேல் ஒரு பொய்க்குதிரையை வைத்து முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது இரு உயிர்களுக்கும் செய்கிற நன்மை. தொலைவுக் காட்சிக்கு டூப் வருவதும் அப்படியே. குதிரைக்கும்கூட டூப் உண்டு: 2011இல் வெளியான ‘வார் ஹார்ஸ்’ படத்தில் ஜோயி என்ற ஒரே குதிரையாக 14 குதிரைகள் நடித்தன. நன்றாக நிற்பது ஒன்று, நன்றாக ஓடுவது ஒன்று, படுக்கச் சொன்னால் படுப்பது ஒன்று என்று குணமறிந்து தேர்வதுதான் குதிரைப் பயிற்சியாளரின் கலை.

அதற்காக, பொய்க்குதிரை இருக்கிறதே, கற்க வேண்டாம் என்று எந்த நடிகரும் நினைக்க வேண்டாம். நடக்கும்போதும் கேன்டரிலும் குதிரையின் தலை முன்னும் பின்னும் அசைகிறது. ஓட்டியின் கைகள் அந்த அசைவைப் பின்தொடரும். உண்மைக் குதிரையில் பழகியவரின் கைகள் பொய்க்குதிரையிலும் தாமாகவே அப்படிச் செல்லும். பழகாதவரின் கைகள் மார்புக்கு நேரே ஆணியடித்தாற்போல் நிற்கும், முழங்கைகள் மட்டும் சிறகுபோல் அடித்துக்கொள்ளும். அந்த நாயகரின் காணொளியை நானும் பார்த்தேன். அவருடைய கைகள் நின்றுதான் இருந்தன.

இதை நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், விலை பெரியது. பிரிட்டனின் நகைச்சுவை நடிகர் ராய் கின்னியர் 1988இல் ஸ்பெயினின் டொலேடோ நகரில் படப்பிடிப்பின்போது குதிரையிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மறுநாள் இறந்தார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், 1985இல் வெளியான ‘அன்னா கரேனினா’ தொலைக்காட்சிப் படத்துக்காகவே குதிரையேற்றம் கற்றார். குதிரை அருகில் வந்தாலே ஒவ்வாமை வரும் உடம்பு அவருக்கு. மருந்து சாப்பிட்டுக்கொண்டே கற்றார். படம் முடிந்தும் விடாமல் பத்தாண்டுகள் ஓட்டிப் போட்டிகளில் இறங்கினார். 1995 மே 27 அன்று வர்ஜீனியாவில் ஒரு போட்டியில் குதிரை தடையைத் தாண்டாமல் திடீரென நின்றுவிட, தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. அதன் பின் 2004இல் இறக்கும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அவரிடம் கவனக்குறைவு இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பத்தாண்டுப் பழக்கம் இருந்தவருக்கே ஒரு நொடியில் நேர்ந்தது அது. பழைய காலத்துப் பாத்திரம் என்பதால் தலைக்கவசம் இல்லாமல், குதிகால் இல்லாத செருப்போடு, இரண்டு வாரப் பழக்கத்தில் பாய்ச்சலுக்குத் துணிகிறவரை வீரர் என்று நான் எப்படிப் பாராட்டுவது? அந்தச் செருப்பையும் கவனியுங்கள்: குதிகால் இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொள்ளும், விழுந்தவர் தரையோடு இழுபடுவார்.

குதிரைகள் கொடுத்த விலை இதைவிடப் பெரிது. ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் ஓடும் குதிரையின் முன்னங்கால்களைக் கம்பியால் இழுத்துக் கவிழ்த்தார்கள். 1939இல் வெளியான ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காகப் பாறை விளிம்பிலிருந்து ஏரிக்குள் தள்ளப்பட்ட குதிரை இறந்தது. அதன்மேல் எழுந்த கண்டனத்தால்தான் அடுத்த ஆண்டு முதல் விலங்கு நலச் சங்கத்தின் கண்காணிப்பு அங்கே படப்பிடிப்புத் தளத்துக்குள் வந்தது.

அப்படியானால் ஒரு நடிகர் உண்மையில் கற்றாரா என்று திரையைப் பார்த்தே அறிய முடியுமா என்றால், ஓரளவு முடியும். பாய்ச்சல் காட்சியை விட்டுவிடுங்கள். அதில் இருப்பவர் டூப்பாக இருக்கலாம். அவர் இறங்குவதை வெட்டில்லாமல் காட்டியிருந்தால் அதைப் பாருங்கள். இரு பாதங்களையும் முதலில் அங்கவடியிலிருந்து விடுவித்து, முன்னால் சாய்ந்து, வலக்காலைக் குதிரையின் பின்புறத்தில் இடிக்காமல் சுழற்றி, முழங்காலை மடக்கி ஓசையில்லாமல் தரையில் இறங்கினாரா? குதிரை நகராமல் நின்றதா? அத்தனைக்கும் நடுவில் கடிவாள வார் அவர் கையிலேயே, இழுபடாமல் தளர்ந்து கிடந்ததா? அப்படி இருந்தால் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவசரப்படவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் சொல்லும் படத்தில் தளபதி ஏழு முறை குதிரையேறுகிறார். ஒருமுறைகூட இறங்குவதைக் காட்டவில்லை.