டிஸ்சார்ஜ் ஆன மகனை உடனே கல்லூரிக்கு அனுப்பலாமா?

போதை மறுவாழ்வு மையத்திலிருந்து சனிக்கிழமை வந்த மகனைத் திங்கட்கிழமையே வகுப்புக்கு அனுப்பத் துடிக்கிறீர்கள். அதற்கு முன் வருகைப்பதிவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை காண்டனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிக்கும் சலுகை, உண்டு. பருவத்துக்கு 90 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் அதிகபட்சம் 31 நாள் விடலாம். ஒரு மாதச் சிகிச்சையிலேயே ஞாயிறு போக 25 நாள் போய்விட்டது. மிச்சம் 6. சிகிச்சைக்கு முன்பே அவன் கட் அடித்த நாட்கள் அதைத் தின்றிருக்கும். இனி மருத்துவரைப் பார்க்கப் போகும் நாட்கள் வேறு. எட்டாத சதவீதத்தைத் துரத்தி, மாலை முழுக்க ரெக்கார்டு எழுதி, தூக்கம் கெட்டு, கடைசியில் தேர்வெழுதவும் முடியாமல் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதைவிடத் தேர்வுப் பதிவுக் கடைசி நாளுக்கு முன் முதல்வர் வழியாக 'பிரேக் ஆஃப் ஸ்டடி'க்கு (படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அனுமதி) விண்ணப்பித்துவிடலாம்.

கல்லூரிக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழில் மஞ்சள் காமாலை என்று எழுதி வாங்காதீர்கள். பொய் வெளிப்பட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும். எந்தத் தேதியிலிருந்து எதுவரை உள்நோயாளி, இப்போது படிக்கத் தகுதியானவர் என்ற அளவில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த நோய்களையும் உள்ளடக்கியது. நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது நோயாளியின் உரிமை. கல்லூரியில் முழு விஷயம் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அது துறைத் தலைவரா (ஹெச்.ஓ.டி.) கவுன்சிலரா என்பதை மகனே முடிவு செய்யட்டும்.

திரும்பும்போது பழைய அறை வேண்டவே வேண்டாம். முதல் பருவம் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் நல்லது. விடுதிதான் என்றால் மெஸ் பணத்தை நேரே கட்டிவிட்டு, கைச்செலவை வாரா வாரம் கொடுங்கள். வகுப்பு முடிந்து இரவுச் சாப்பாடு வரையிலான நேரம்தான் ஆபத்தானது. விளையாட்டோ, குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டமோ, அந்நேரத்துக்கு ஏதாவது இருக்க வேண்டும். அரியர் பேப்பர்களை ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லாதீர்கள்.

'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் குடி நிறுத்தும் மருந்தை வாங்கிவிடாதீர்கள். அதில் மதுவோடு சேர்ந்தால் ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிராம் இருந்து, அவன் குடித்தும்விட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுபடி ஒருநாள் சறுக்கினால், படிப்பை நிறுத்தப்போவதாக மிரட்டாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். வலிமாத்திரை, ஊசிப் பழக்கம் இருந்தவர்களுக்கு இது இன்னும் அவசரம்: விட்டிருந்த காலத்தில் உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும், பழைய அளவே மூச்சை நிறுத்திவிடலாம். போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

வேலை நேர்காணலில் இடைவெளி பற்றிக் கேட்டால், "உடல்நலக் காரணத்தால் ஒரு பருவம் விடுப்பு, சிகிச்சைக்குப் பின் படிப்பை முடித்தேன்" என்று சொன்னால் போதும். அதுவும் பொய்யில்லை.