பழைய சாமானை வேணாம்னு சொல்றதுக்கும் படிப்பு இருக்கு சார்

சார், நீங்க கேட்டது நியாயமான கேள்விதான், "மியூசியம்ல பழைய சாமானுக்கு காவல் இருக்கறதுக்கு எதுக்கு சார் ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ்"னு. உங்க பொண்ணுகிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஒருத்தர் தாத்தாவோட தையல் மெஷினை தூக்கிட்டு வந்து இலவசமா வச்சுக்கோங்கன்னு நிக்கறாரு, என்ன பண்ணுவேன்னு. யோசிக்காம "வாங்கிப்பேன்"னா. பழசு மேல அவ்ளோ ஆசை, சந்தோஷம், ஆனா இன்டர்வியூல இந்த பதிலை சொன்னா தேறமாட்டா.

ஏன்னா மியூசியத்துக்கு ஓசியா வர்றது எதுவும் ஓசி கிடையாது. உள்ள எடுத்துட்டா காலத்துக்கும் அதுக்கு இடம் வேணும், ஈரப்பதம் பாக்கணும், பூச்சி பாக்கணும், பதிவு வேணும், முக்கால்வாசி பொருள் ஸ்டோர்லயேதான் கிடக்கும். அப்புறம் பிடிக்கலன்னு தூக்கிப்போடவும் முடியாது, பதிவுல இருந்து நீக்கறதுக்கு டீஅக்செஷன்னு தனி நடைமுறை இருக்கு, அப்படியே வித்தாலும் அந்த காசு கரன்ட் பில்லுக்கு போகக்கூடாது, கலெக்‌ஷனுக்கே போகணும்னு ஐகாம்ங்கற உலக மியூசியம் அமைப்போட நெறிமுறை சொல்லுது (1986ல வந்தது, 2004ல திருத்தினாங்க).

அதனால மியூசியக்காரங்க முதல்ல பாக்கறது பொருளை இல்ல, தங்களோட கலெக்‌ஷன் பாலிசியை, அதாவது எதை சேக்கறது, எதை வேணாம்கறதுன்னு எழுதி வச்சிருக்கறதை. சின்ன ஊர் மியூசியம்னா இந்த பொருளுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம், ஏற்கனவே நம்மகிட்ட இதே மாதிரி எத்தனை இருக்கு, இந்த ரெண்டுலயே பாதி அடிபட்டுடும். தையல் மெஷின் லட்சக்கணக்குல செஞ்சது சார், ஸ்டோர்ல ஏற்கனவே நாலு இருக்கும். ஆனா அந்த தாத்தா அதே ஊர்ல நாப்பது வருஷம் டெய்லரா இருந்தாரு, கடை போட்டோ இருக்கு, கஸ்டமர்ங்க அளவு எழுதின நோட்டும் இருக்குன்னா கதையே வேற. சில சமயம் மெஷினை நீங்களே வச்சுக்கோங்க, அந்த அளவு நோட்டை மட்டும் குடுங்கன்னு கூட சொல்வாங்க, யார் யாருக்கு என்ன தைச்சாங்கன்னு ஊரோட உடுப்பு மொத்தமும் அதுலதான இருக்கு, கொண்டு வந்தவருக்கோ அது பழைய பேப்பர், மெஷின் அடியில சும்மா சொருகி வச்சிருந்திருப்பாரு. அதை கேட்டு வாங்கற கண்ணுக்குத்தான் அந்த ரெண்டு வருஷ படிப்பு.

அப்புறம் பொருள் இவரோடதுதானா. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்து ஒருத்தர் மட்டும் கொண்டு வந்து குடுத்தா நாளைக்கு சண்டை மியூசியம் வாசல்ல வரும், அதனால தானப்பத்திரத்துல கையெழுத்து வாங்காம எடுக்கமாட்டாங்க. போட்டோன்னா காப்பிரைட் தனி. வேற நாட்டு தொல்பொருள்னா கலைப்பொருள் கடத்தலை தடுக்கற 1970 யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கு முன்னாடியே வெளிய வந்ததான்னு பேப்பர் கேப்பாங்க, தந்தம்னா சைட்டிஸ், அதாவது அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தை கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தத்தோட விதி வரும். "எங்கப்பா பேரோட எப்பவும் காட்சிக்கு வைக்கணும்"னு கண்டிஷன் போட்டா பெரும்பாலும் கும்பிடு போட்டு அனுப்பிடுவாங்க. என்ன விலை போகும்னு கேட்டாலும் சொல்லமாட்டாங்க, வாங்கறவனே விலை சொல்றது சரியில்லைல்ல.

ஆபத்தும் இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. 1950க்கு முந்தின சில சினிமா ஃபிலிம் நைட்ரேட்ங்கற சீக்கிரம் தீப்பிடிக்கற வகை, பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ளயும் எரியும். பழைய ஒளிர்ற கடிகாரத்துல ரேடியம், பாடம் பண்ணின பறவையில ஆர்சனிக். துணி, மரம்னா பூச்சியை உள்ள கூட்டிட்டு வந்துடும், அதனால முதல்ல தனியா வச்சு, தாங்கற பொருளா இருந்தா மைனஸ் 18 டிகிரி குளிர்ல ரெண்டு வாரம் வைப்பாங்க. இதெல்லாம் தாண்டி கமிட்டி சரின்னா ஒரு நம்பர் விழும், 2024.15.3ன்னா அந்த வருஷத்தோட பதினஞ்சாவது வரவுல மூணாவது பொருள்.

கஷ்டமான பகுதி வேணாம்னு சொல்றதுதான். கொண்டு வர்றவரு பல சமயம் அப்பா அம்மாவை இழந்து வீட்டை காலி பண்ணிட்டு இருப்பாரு, அவர் மூஞ்சி சுருங்காம காரணம் சொல்லி, வேற எந்த மியூசியம் எடுத்துக்கும்னு வழி காட்டி, முடிஞ்சா கடிதங்களை ஸ்கேன் மட்டும் பண்ணிட்டு திருப்பி குடுக்கணும்.

வேலை நிறைய இருக்குன்னு பொய் சொல்லமாட்டேன், கம்மிதான். ஆனா இதே பதிவு வேலை ஆவணக்காப்பகம், நூலகம், பெரிய கம்பெனிங்களோட ஆர்க்கைவ்னு போகும். உங்க பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி பிடிக்கும்னா பொருள் கெடாம பாதுகாக்கற கன்சர்வேட்டர் பக்கம் போகட்டும், பேப்பர், சட்டம்னு பொறுமை இருந்தா பதிவும் பத்திரமும் பாக்கற ரெஜிஸ்ட்ரார். ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி ஒரு மியூசியம் ஸ்டோர்ல மூணு மாசம் வாலன்டியரா பதிவு வேலை பாக்கட்டும், தூசி பிடிச்சும் சலிக்கலன்னா சேத்து விடுங்க.

அதுவரைக்கும் வீட்ல இருக்கற ஒரு பழைய பொருளை எடுத்து, யார் வாங்கினது, யார் உபயோகிச்சது, அதுக்கு என்ன ஆதாரம்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரச்சொல்லுங்க. தையல் மெஷின் கேள்வியை திரும்ப கேப்பேன், இந்த தடவை பதில் ஒரு கேள்வில ஆரம்பிக்குதான்னு பாக்கறேன்.